வெயிலில் உருகாத மெழுகு நாற்காலி

அப்பு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதானே அரை மணி நேரம் போனில் பேசினோம். நீ நலம், ஜெனி நலம், அவள் வயிற்றில் இருப்பதும் நலம் என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தத் தடவையும் மழுப்பிவிடுவேன். நீ கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது செய்து, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனாயே மெழுகு நாற்காலி, அது வெயிலில் உருகவில்லை. நான்தான் உடைத்தேன். அப்பாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் என் கையாலேயே உடைத்தேன். வெயில் என்று உன்னிடம் சொன்னது பொய். ஒன்பது வருடமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். நானும் நம்பவிட்டுக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டு, கோயிலுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

ஏன் இப்போது என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதுதான் காரணம். சென்னைக் கண்காட்சிக்கு அதே நாற்காலியைத் திரும்பச் செய்கிறேன் என்றாய். இந்தத் தடவை இரும்பில், அப்பாவின் பட்டறையில் மிஞ்சிய நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பற்றவைத்து. கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அதன் பக்கத்தில் வைக்கப்போகிற அட்டையை வாசித்துக் காட்டினாய். "இதன் முதல் வடிவம் மெழுகு. என் தந்தைக்காகச் செய்தேன். என் அலட்சியத்தால் வெயிலில் உருகிப்போனது. இது உருகாது." வாசித்து முடித்துவிட்டு, "சரியா இருக்காம்மா? வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "நல்லா இருக்குப்பா" என்றேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த வெஞ்சனம் கருகி வாடை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஊர் உலகமெல்லாம் வந்து நின்று வாசிக்கப்போகிற அட்டையில் நீ உன் தலையில் ஒரு குற்றத்தை எழுதிக்கொள்கிறாய். அது உன் குற்றமே இல்லை. அது அச்சாவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அழைத்தேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்ட்டியாப்பா" என்றுதான் வாயில் வருகிறது. அதனால் கூரியரில் போடுகிறேன்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? உன்னுடைய பொருள்களோடு எனக்கு இருந்த சண்டை மெழுகில் ஆரம்பிக்கவில்லை. உனக்கு எட்டு வயது இருக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்ய ஊரில் எல்லாரும் பிரவுன் பேப்பரைக் கசக்கி, பச்சை மை தெளித்துக்கொண்டிருந்தார்கள். நீ வெங்காய மண்டிக்குப் போய் ஒரு சாக்கு நிறையச் சருகை அள்ளிக்கொண்டு வந்து, கஞ்சி போட்டு ஒட்டி, உள்ளே ஒரு பல்பை எரியவிட்டாய். மலை முழுக்க இளஞ்சிவப்பாக எரிந்தது. "ஏலே, கொழந்த ஏசு பொறக்குற எடத்துல வெங்காயச் சருகா? வீடே நாறுது!" என்று கத்தினேன். உன் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டத்துல பொறந்தவருக்கு வெங்காய வாடதான் ஆகாதாக்கும், டீச்சர்?" என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. எனக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் சருகையெல்லாம் பிய்த்துப்போட்டுவிட்டு பிரவுன் பேப்பர் ஒட்டினேன். நீ வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பல வருடம் கழித்து, யாரோ வெங்காயச் சருகில் விளக்குச் செய்திருந்த படத்தை ஒரு பத்திரிகையில் காட்டி, "நாம முந்திட்டோம்மா" என்று சிரித்தாய். நான் பிய்த்துப்போட்டதைப் பற்றி அப்போதும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடம் எனக்குப் பிடிக்காததும் அதுதான், எனக்கு வசதியாக இருந்ததும் அதுதான்.

அப்பா நாகல் நகர் பட்டறையில் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். வெல்டிங் செய்துவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். டீ வரும்போது அவர் இல்லை. அந்த நாற்காலியின் பின்கால் ஏற்கெனவே ஒடிந்து, தூக்கி எறியுங்கள் என்று நான் சொன்னதற்கு, "கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போடுவாகளா, தூக்கி எறிவாகளா?" என்று கேட்டு, இரண்டு கம்பியை அணைத்து வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கச் சுற்றிவைத்திருந்தார். அது ஜூலை மாதம். நவம்பரில் அவருக்கு முதல் கல்லறைத் திருநாள் வந்தது. நீ சென்னையில் இருந்து வந்தாய். சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி. நாமும் பூ போட்டு, திரி பொருத்தி, ஜெபம் சொல்லிவிட்டு வந்தோம். எல்லாரும் அத்தோடு ஒரு வருடத்துக்கு மறந்துவிடுவார்கள். நீ மறுநாள் காலையில் இரண்டு சாக்கும் சுவர் சுரண்டுகிற ஒரு பட்டித் தகடும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனாய்.

என்னிடம் வந்து சொன்னது பக்கத்துத் தெரு செசிலிதான். "டீச்சர், ஒங்க பய கல்லறைக் கல்லறையாப் போயி மெழுகச் சொரண்டிக்கிட்டு இருக்கான். பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். நீ சாக்கைச் சுமந்துகொண்டு வந்து, என் பிரியாணி அண்டாவை எடுத்து மாடியில் மூன்று கல் கூட்டி மெழுகை உருக்கினாய். அண்டா போச்சே என்று நான் கத்தியது நினைவிருக்கிறதா? கரித்திரியும் தீக்குச்சியும் செவ்வந்தி இதழுமாக மிதந்தது. வடிகட்டத் துணி தரவா என்று, கோபத்திலும் ஒரு புத்தி, கேட்டேன். "வேணாம்மா, எல்லாமே இருக்கட்டும். அதுவும் சேந்ததுதான்" என்றாய். அப்பாவின் நாற்காலிக்குச் சுண்ணச்சாந்தில் அச்சு எடுத்து, நாலு துண்டாக வார்த்து, சூடான கரண்டியால் ஒட்டி நிறுத்தினாய். அது வெள்ளையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. ஊரார் ஏற்றிய எல்லா நிறமும் கலந்து, தோல் நிறத்தில் வந்தது. உள்ளே அங்கங்கே ஒரு கரித்திரி, ஒரு பூவிதழ். பின்காலில் அப்பா போட்ட கட்டு வரைக்கும் அப்படியே பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆள் உடம்பைத் தொட்டது மாதிரி இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

நீ அலட்சியமாக விட்டுவிட்டுப் போகவில்லை, அப்பு. இதை நீ நன்றாக வாசிக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே இரண்டு அடுக்கு கீற்று வேய்ந்தாய். நாற்காலியைச் சுற்றி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாய். "வெயில் ஏற ஏற, மத்தியானம் ஒரு கொடம் தண்ணி மட்டும் சாக்குல ஊத்துங்கம்மா. அடுத்த கல்லறைத் திருநாள் வரைக்கும் இருந்தாப் போதும். எதுக்குன்னு அப்ப சொல்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாய். எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். கோபம் கேட்கவிடவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் இருந்து ஒரு நாள் தவறாமல் ஊற்றினேன். நான் இருபத்தாறு வருடம் கரும்பலகையில் உருகுநிலை எழுதிப்போட்ட அறிவியல் டீச்சர். சாக்கைத் தள்ளிக் கையை விட்டுப் பார்ப்பேன். குளுகுளுவென்று இருக்கும். அந்தக் கொட்டகையில் அது உருகியிருக்கவே முடியாது. நீ அவ்வளவு கவனமாகச் செய்துவைத்திருந்தாய்.

தவக்காலத்தில் நம் வீட்டில் அன்பியக் கூட்டம் முறை வந்தது. தெருவில் எட்டுப் பத்துப் பெண்கள் வந்து ஜெபமாலை சொல்லி, காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். செசிலி போனில் டவர் கிடைக்கவில்லை என்று மாடிக்குப் போனாள். போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். எல்லாரும் ஏறிப் போனோம். சாக்கை விலக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். "செத்தவுகளுக்குப் பொருத்துன மெழுகுலயா நாற்காலி செஞ்சு வச்சிருக்கீக? யாரு உக்காரவாம்? ஆத்துமாக்களுக்கு இது அடுக்குமா டீச்சர்?" என்றாள். பிறகு குனிந்து பார்த்து, மற்றவர்களிடம், "எங்க மாமியா கல்லறையில ஊதாத் திரிதான் வச்சோம். இந்தா தெரியுது பாரு" என்றாள். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் யாரோ, சத்தத்தைக் குறைத்து, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "அப்பா போனதுல இருந்தே அந்தப் பயலுக்கு ஒரு மாதிரியா ஆயிருச்சோ என்னமோ. பாவம் டீச்சர், ஒத்தையில என்ன செய்யும்" என்றார்கள்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைத் தின்றது. மரித்த ஆத்துமாக்களுக்குப் பயந்து உடைத்தேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஆத்துமாக்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் பயந்தது காபி டம்ளரோடு நின்ற அந்தப் பெண்களுக்கு. என் பிள்ளையைப் பைத்தியம் என்றும், என்னை வளர்க்கத் தெரியாதவள் என்றும் நாளைக்குப் பூசை முடிந்து வாசலில் பேசுவார்களே என்று பயந்தேன். மறுநாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் சுத்தியலோடு மாடி ஏறினேன். முதல் அடி பின்காலில், அந்தக் கட்டுப் போட்ட காலில். அது லேசில் உடையவில்லை. அடிக்க அடிக்க எனக்கு ஆங்காரம் ஏறியது. அப்பா மேல் கோபம், ஒரு டீ வருவதற்குள் போய்விட்டாரே என்று. உன் மேல் கோபம். அத்தனையையும் அந்த மெழுகு மேல் போட்டேன்.

கால் உடைந்தும் மற்றதோடு ஒட்டிக்கொண்டே தொங்கியது. உள்ளே ஏதோ பிடித்திருந்தது. கயிறு என்று நினைத்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. நாலு கால் வழியாகவும் ஏறி, உட்காரும் பலகையில் ஒன்றாகி, முதுகு வழியாக மேலே போய், உச்சியில் ஒரு முடிச்சாக நின்றது. அதன் மேல் மெல்லிசாக மெழுகு பூசி மறைத்துவைத்திருந்தாய். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நீலக் கட்டம். அப்பாவின் லுங்கி! அவர் போனபிறகு எங்கே வைத்தேன் எங்கே வைத்தேன் என்று நான் பீரோவெல்லாம் தேடிய லுங்கி. அதைக் கிழித்து, முறுக்கித் திரியாக்கியிருந்தாய். மாதாவே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது உட்கார்வதற்குச் செய்த நாற்காலியே இல்லை. அது முழுசும் ஒரு மெழுகுதிரி. ஊரெல்லாம் தன் தன் செத்தவர்களுக்கு ஏற்றி மிஞ்சியதைச் சேர்த்து, அடுத்த கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பாவின் தலைமாட்டில் வைத்துக் கொளுத்தத்தான் செய்திருக்கிறாய். எரிந்து உருகி ஒன்றுமில்லாமல் போகவேண்டும் என்றுதான் அத்தனை நாள் உருகாமல் காத்தாய். இதைத்தான் எனக்கு அப்புறம் சொல்கிறேன் என்று சொன்னாய். அந்தச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து லுங்கித் திரியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது என்ன? உடைந்தது உடைந்ததுதான்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய். அவ்வளவுதான். நான் செய்யவில்லை. சனிக்கிழமை நீயே கூப்பிட்டாய். "நாற்காலி எப்படிம்மா இருக்கு? இன்னைக்கு ரொம்ப வெயிலாமே அங்க?" என்றாய். நீயே எடுத்துக்கொடுத்தது மாதிரி இருந்தது. "உருகிப்போச்சுப்பா. தகரத்துக்குக் கீழ கொண்டுபோய் வச்சா என்னத்துக்கு ஆகும்? ஒரு கொடம் தண்ணிக்கா அடங்கும் அந்தச் சூடு?" என்று டீச்சர் குரலில் சொன்னேன். நீ, "என் தப்புதாம்மா. அப்பாவ வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டுமா இல்லையா? நான் சொன்னேன், "சரி விடு." செய்தவள் நான், செய்யாத உன்னைப் பார்த்துச் சரி விடு என்று மன்னித்தேன். அப்பு, நான் வாழ்க்கையில் செய்த தப்புகளில் சுத்தியலைவிடப் பெரியது அந்த இரண்டு வார்த்தை.

சில்லுகளை என்ன செய்தேன் என்று கேட்பாய். அதே அண்டாவில் உருக்கி, பைப்புத் துண்டுகளில் ஊற்றித் திரியாக்கி, ஒரு கட்டைப்பை நிறைய எடுத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை சாயங்காலம் கல்லறைக்குப் போனேன். ஆத்துமாக்களுடையதை அவர்களிடமே கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. காற்று ஒன்றையும் நின்று எரியவிடவில்லை. கல்லறைத் தோட்டம் பார்க்கிற சூசை அண்ணன் வந்து, "என்ன டீச்சர், இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். நேர்ச்சை என்றேன். அவர் திரியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி எடுத்துட்டுப் போன மெழுகுல்ல இது? வருசா வருசம் நாங்க சொரண்டிக் குப்பையிலதான் போடுறோம். ஒங்க மகன் ஒருத்தந்தான் எங்கிட்டக் கேட்டுட்டு எடுத்தாப்ல. எங்கிட்ட மட்டுமா? ஒவ்வொரு கல்லறைகிட்டயும் நின்னு, பேர வாசிச்சு, 'கொஞ்சம் எடுத்துக்கிறேன், எங்கப்பாவுக்கு'ன்னு சொல்லிச் சொல்லி எடுத்தாப்ல. மத்தியானம் வரைக்கும் ஆச்சு" என்றார். அங்கேயே யாரோ ஒருவர் கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆத்துமாக்களை மதிக்காதவன் என்று உன்னைப் பேசவிட்டேனே, அவர்களிடம் அனுமதி கேட்டு எடுத்தவன் நீ ஒருத்தன்தான்.

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், உடைத்தேன், பொய் சொன்னேன் என்று மூன்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மகன்கிட்டச் சொன்னீங்களா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "அங்க சொல்லிட்டு வாங்க" என்றார். மன்னிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதிலிருந்து பஸ் ஏறி வேறு பங்குக் கோயிலுக்குப் போய்த்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், அங்கே இந்தப் பாவத்தை மட்டும் சொல்வதில்லை. சிரிப்பாக இருக்கிறதா? சிரி. எனக்கே சில நேரம் சிரிப்பு வருகிறது, என் கிறுக்குத்தனத்தை நினைத்து.

ஆனால் உன்னைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. அதற்குப் பிறகு நீ மெழுகைத் தொடவில்லை. தலையணை உறையில் சிமெண்ட்டை ஊற்றி, பார்த்தால் தலை வைக்கத் தோன்றுகிற மாதிரி ஒரு தலையணை செய்தாய். கை வைத்தால் கல். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை கொடியில் காய்கிற மாதிரி, மடிப்பும் காற்றும் சேர்த்து, இரும்புத் தகட்டில் வளைத்தாய். சாப்பிட்டு மடித்த வாழை இலையைக் கருங்கல்லில் செய்தாய். எல்லாரும் புகழ்ந்தார்கள். போன வருடம் ஒரு கல்லூரியில் நீ பேசியதை ஜெனி அனுப்பியிருந்தாள். அரிசி பொறுக்கிக்கொண்டே பார்த்தேன். ஒரு பெண் எழுந்து, "மெத்துன்னு இருக்குற பொருளையெல்லாம் ஏன் சார் இவ்வளவு கடினமா பண்றீங்க?" என்று கேட்டது. நீ சொன்னாய், "முதல்ல மெழுகுல ஒண்ணு பண்ணேன். அதைப் பாத்துக்கத் தெரியல. உருகுற பொருளைத் தொட எனக்குத் தகுதி இல்லைன்னு அப்புறம் தோணிருச்சு." கூட்டம் கை தட்டியது. ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அது என் பொய்க்குக் கிடைத்த கைதட்டல். முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் வேலை நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெங்காயச் சருகுக்குள் பல்பைப் போட்டவன், தோல் நிறத்தில் ஒரு நாற்காலி வார்த்தவன், இன்னும் என்னென்ன செய்திருப்பான் என்று ராத்திரியில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பயந்துபோய் இரும்புக்குப் போனாய். பயங்காட்டியவள் நான்.

சொல்ல முயலவே இல்லை என்றும் நினைக்காதே. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்ல வந்தேன், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் எதற்கு என்று விட்டேன். போன வருடம் பழனிப் பக்கம் ஜெனியின் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாம் இருவர் மட்டும் காரில் போனோமே, ஒட்டன்சத்திரம் வரும்வரை வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். நீ வண்டியை நிறுத்தி, "ஏன்ம்மா ஒரு மாதிரியா இருக்கீங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்தாய். அந்த இளநீரைக் குடித்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? நீ அன்பாக இருக்க இருக்க எனக்குச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

உனக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் பதில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளையிடம் பொய் சொல்லாமல் வளர்க்க முடியாது. நீயும் சொல்வாய். கசப்பு மருந்தை இனிப்பு என்பாய், ஊசி வலிக்காது என்பாய். அதெல்லாம் பரவாயில்லை. உன் தப்பைத் தூக்கி அதன் தலையில் வைக்கிற பொய்யை மட்டும் சொல்லிவிடாதே. பிள்ளைகள் அதைக் கீழே இறக்கவே மாட்டார்கள். அம்மா சொன்னாள், அப்பா சொன்னார் என்று சுமந்துகொண்டே வளர்வார்கள். அதுபோல அது ஏதாவது குப்பையை அள்ளிக்கொண்டு வந்து வீட்டை நாறடித்தால், கத்தலாம், தப்பில்லை, கத்திவிட்டு, "இது எதுக்குப்பா?" என்று ஒரு வார்த்தை கேள். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராமல் போனது.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நீ வர முடியவில்லை, ஜெனிக்கு முடியவில்லை என்றாய். நான் போனேன். மறுநாள் காலையிலும் போனேன், இரண்டு சாக்கும் பட்டித் தகடும் எடுத்துக்கொண்டு. அப்போது இந்த அட்டை விஷயம் எனக்குத் தெரியாது. ஏன் போனேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. சூசை அண்ணன் இப்போது இல்லை, அவர் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு கல்லறையாக நின்று, பேரை வாசித்து, "கொஞ்சம் எடுத்துக்கிறேன், எம் மகனுக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டினேன். முழங்கால் மடக்க முடியவில்லை, ஒரு சாக்குதான் நிறைந்தது. செசிலி பார்த்துவிட்டு வாசலில் நின்றே, "டீச்சர், நீங்களுமா?" என்றாள். "ஆமா செசிலி. ஒம் மாமியா ஊதாத் திரியும் இதுல இருக்கு" என்றேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

இந்தப் பார்சலில் கடிதத்தோடு ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் இருப்பது அந்த லுங்கித் திரி. மெழுகு ஏறி விறைத்துக் கிடக்கிறது, ஆனால் நீலக் கட்டம் தெரியும். பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். சிவப்பு நாற்காலி இங்கேதான் இருக்கிறது, சாக்கு மெழுகு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அண்டாவும் இருக்கிறது, அதில் பிறகு நான் ஒரு நாளும் பிரியாணி செய்யவில்லை. வந்து எடுத்து என்ன வேண்டுமானாலும் செய், அல்லது ஒன்றும் செய்யாமல் போ. இரும்பு நாற்காலியையும் செய், அது உன் இஷ்டம். அந்த அட்டையை மட்டும் மாற்றிவிடு. "இதன் முதல் வடிவம் மெழுகு. என் தந்தைக்காகச் செய்தேன். அது உருகவில்லை. என் அம்மா உடைத்தாள்." இவ்வளவுதான் வேண்டும், கூட ஒரு வார்த்தையும் வேண்டாம். திறப்பு விழாவுக்கு முன்வரிசையில் உட்காரக் கூப்பிட்டாயே, வருகிறேன். வாசிக்கிறவர்கள் திரும்பி என்னைப் பார்க்கட்டும்.

இதைப் படித்ததும் நீ போன் செய்வாய், உன்னை எனக்குத் தெரியும். திட்டு. அழு. பேசாமல் வைத்துவிடு. ஒரு மாதம் வராமல் இரு. "சரி விடுங்கம்மா" என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே, அப்பு. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா